பிரெஞ்சுத் தூதுவர் கை நனைத்த கதை

1

எங்கள் மாளிகைக்கு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸிலிருந்து தூதுவர்கள் வருவார்கள். தங்கள் ராஜாவின் தம்பிக்கு எலிசபெத் ராணியைப் பெண் கேட்பார்கள். ராணி சரி என்றும் சொல்லமாட்டார், முடியாது என்றும் சொல்லமாட்டார். நான்கு மணி ஆனதும் ராணி, தூதுவர், நான் எல்லோரும் உடை மாற்றி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இந்தக் கோடையிலும் தூதுவர் வந்தார். ஆனால் வந்தவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். வந்த இடத்தில் அவர் செய்துவிட்டுப் போன காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

'எங்கள் மாளிகை' என்றதும், கோபிசெட்டிபாளையத்துக்காரி லண்டனில் மாளிகை வாங்கிவிட்டாள் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நான் அங்கே வேலைதான் பார்க்கிறேன். லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் ஆற்றோரம் இருக்கிற ஒரு பழைய வீடு. எலிசபெத் ராணி ஒரு ராத்திரி இங்கே தங்கினார் என்பதுதான் அதன் பெருமை. இந்த நாட்டில் செங்கல் கொஞ்சம் கறுத்துப்போன எந்த வீட்டுக்குப் போனாலும் இதையேதான் சொல்கிறார்கள். அந்தம்மாள் சொந்த வீட்டில் படுத்ததே இல்லை போலிருக்கிறது.

கோடையில் விசேஷ நாட்களில் நாங்கள் எல்லோரும் பழங்கால உடை போட வேண்டும். எனக்குப் பழுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பெரிய தட்டு. அடுப்படிப் பணிப்பெண் வேஷம். ஊரில் எம்.காம். படித்தவள், இங்கே வந்து நானூறு வருஷத்துக்கு முந்தைய வேலைக்காரியாக நிற்கிறேன் என்று தொண்டாமுத்தூரில் இருக்கும் என் அண்ணனிடம் ஒருநாள் போனில் புலம்பினேன். சம்பளம் இந்தக் காலத்து சம்பளந்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு, தோட்டத்தில் ஆனை வந்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

2

பிரெஞ்சுக்காரர்கள் பெண் கேட்டு வந்த கதை நிஜம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு அதைப் பாடமாகவே எடுத்தார்கள். வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குறிப்பே தேவைப்படவில்லை. எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது மாதிரியே இருந்தது.

மாப்பிள்ளை, பெண்ணைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ராணி அவரைச் செல்லமாகத் தவளை என்று கூப்பிடுவாராம். அதையே ஒரு சாக்காக வைத்து வேண்டாம் என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு பெரிய கூட்டமே கப்பலேறிப் பேச வந்தது. அவர்களுக்கு விருந்து வைப்பதற்கென்றே ராணி மரமும் துணியும் வைத்து ஒரு பெரிய கூடம் கட்டினார். மேலே துணியில் வானம் வரைந்து, பச்சை இலைகளும் பழங்களும் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார்களாம். பாடம் எடுத்தவர் அதற்கு என்னென்னவோ பெயர் சொன்னார். நான் என் நோட்டில் 'பந்தல்' என்று எழுதிக்கொண்டேன்.

பந்தலில் உட்கார வைத்துத் தின்னத் தின்னப் போட்டார்கள். தூதுவர்கள் தின்றார்கள், ஆடினார்கள், காரியம் முடிந்த மாதிரிதான் என்று ஊருக்கு எழுதினார்கள். ராணியோ வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதில் எங்கே தப்பு நடந்தது என்று எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. ஒருவர் மதம் என்றார், ஒருவர் வயது என்றார், ஒருவர் ஸ்பெயின் என்றார். நான் கையைத் தூக்கி, பேசி முடிப்பதற்கு முன்னால் கை நனைத்துவிட்டார்கள் என்றேன்.

இதை இங்கே உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு விளக்கினேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதையும் தொடமாட்டார்கள். சாப்பிடக் கையை நனைத்துவிட்டால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் பசி வயிற்றைக் கிள்ளினாலும் பந்தியில் உட்காரமாட்டார்கள். மாளிகையின் மேனேஜர் ஃபியோனா அதைக் கேட்டு அசந்துபோய், ரொம்ப முக்கியமான பார்வை என்று பாராட்டினாள். அவளுக்கு வயது முப்பது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அட்டையில் செருகிய காகிதங்களும் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை.

நான் அதைச் சும்மா சொல்லவில்லை. என்னைப் பார்க்கக் காங்கேயத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரரின் ஆட்கள் வந்த அன்று, வெயில் கொளுத்துகிறது. பஸ்ஸில் வந்து இறங்கிய சனம். அடுப்படியில் அம்மா பருப்பும் பச்சைப்புளி ரசமும் வைத்து, அப்பளம் பொரித்து முடித்துவிட்டார். வாசனை வீதி வரைக்கும் போகிறது. ஒருத்தராவது கையை நீட்ட வேண்டுமே. தண்ணீர்ச் சொம்பு மட்டும் போய்ப் போய் வந்தது. நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, யாரும் வந்து சொல்லவும் இல்லை. திடீரென்று வாழையிலையைத் தண்ணீர் தெளித்து உதறுகிற சத்தம் கேட்டது. ஒரு இலை, ரெண்டு இலை, அப்புறம் வரிசையாக. ஓகோ, நமக்குக் கல்யாணம் என்று தெரிந்துகொண்டேன்.

3

எங்களுக்கு ஒரே மகள், கயல். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். தனியாக ஃபிளாட் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அவளுக்குத் தமிழ் தெரியும். எங்கள் ஊர்த் தமிழைத் தவிர வேறு தமிழ் இருப்பதுதான் தெரியாது. வீட்டில் 'ங்க' போட்டே பேசிக் கேட்டு வளர்ந்தவள், பூனையிடம்கூட 'வாங்க, பால் குடிங்க' என்பாள்.

பேச்செல்லாம் அப்படிப் பதவிசு. ஆனால் மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. கல்யாணப் பேச்சை எடுத்தால் 'ம்' என்பாள். ஒரு பையன் லீட்ஸில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை, நம்ம காங்கேயம்தான் என்றேன். 'ம்' என்றாள். ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்றேன். 'ம்.' வீடியோவில் இரண்டு தடவை பேசினார்கள். எப்படி என்று கேட்டால் அதற்கும் 'ம்'. நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் அண்ணனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தங்கை மகள் கல்யாணத்தைத் தானே முன்னால் நின்று நடத்த வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்துக் கனவு. மலையடிவாரத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறவர், ஆனை விரட்டுவதற்காக ஜன்னலோரம் எப்போதும் ஒரு கட்டு வேட்டு வைத்திருப்பார். கயல் கல்யாணம் முடிவாச்சு என்று சொல்லு அம்மணி, அத்தனையும் ஒரே சமயத்தில் கொளுத்திப்போடறேன் என்று போனமாதமே சொல்லியிருந்தார்.

பையனின் அப்பா, எண்ணெய் மில் சென்னியப்பன் அண்ணனும் அவர் சம்சாரமும் மகனைப் பார்க்க இங்கிலாந்து வந்தார்கள். பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னால் கயல் கிளம்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அவர்களுக்கும் நேரடியாகச் சொல்லக் கூச்சம். அதனால் இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, சும்மா அரண்மனை பார்க்க வருகிறோம் என்று அவர்களும், ஆமாம் பார்க்க வேண்டிய அரண்மனை என்று நானும் சொல்லிக்கொண்டோம். பையன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு ஏதோ வேலையாம். மாப்பிள்ளை இல்லாமல் ஆட்கள் மட்டும் வந்து பேசுவது பிரெஞ்சுக்காரர்களிடமே உள்ள வழக்கம் என்று எனக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக ராணி வேஷம் போட்டுவந்த பெண்ணுக்கு இந்தக் கோடையில் ஆறு மாதம். எலிசபெத்தின் பெரிய பெருமையே அவர் கன்னி ராணி என்பதுதான். எவ்வளவு பெரிய பாவாடை கட்டினாலும் அந்த வயிற்றை மறைக்க முடியவில்லை. ஃபியோனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நாடகம் தெரிந்தவள், உயரமானவள், லீவில் இருப்பவள் வேண்டும் என்றபோது, நான்தான் என் மகளைப் பிடித்துக் கொடுத்தேன். சிவப்பு விக், முத்துமாலை, கழுத்தைச் சுற்றி இடியாப்பத் தட்டு மாதிரிக் கஞ்சி போட்ட மடிப்பு வளையம் எல்லாம் போட்டு அவளைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தபோது, வேலைக்காரத் தொப்பியோடு நின்றிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் பார்க்க வருகிற நாளில் இதைவிட அலங்காரம் யார் செய்துவிட முடியும்?

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் வீட்டுக்காரர் அவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்து வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் நிகழ்ச்சி முடிந்துதான் பார்த்தேன்.

சென்னியப்பன் அண்ணன் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே கோட்டு, முறுக்கிவிட்ட நரைமீசை. கூடத்து மேசையில் பாதாம் பருப்பை அரைத்து ராஜா காலத்து அச்சில் வார்த்த மிட்டாய், பழப் பணியாரம், ரோஜாத் தண்ணீர் தெளித்த கேக் எல்லாம் பரப்பியிருந்தது. அவர் சம்சாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லீட்ஸில் காலையில் சாப்பிட்டது எப்போதோ கரைந்திருக்கும். ஏதாவது சாப்பிடுங்கக்கா என்றேன். அந்த அக்கா தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அண்ணன், "இப்ப என்னங்க அவசரம், இருக்கட்டுமுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட மறுத்தார் என்றால் பேசத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் நிகழ்ச்சியில் தூதுவரைப் பார்வையாளர்களிலிருந்துதான் எடுப்போம். ஃபியோனா சும்மா நடந்துவந்து, அந்த மீசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிரான்ஸ் தேசத்தின் தூதுவர் மேடைக்கு வரவேண்டும் என்று கையைக் காட்டினாள். வெள்ளைக்காரர்களாயிருந்தால் ஐயோ நானா என்று முகத்தை மூடிக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரரை மேடைக்குக் கூப்பிட்டு யாராவது வராமல் இருந்திருக்கிறார்களா? கையைக் கூப்பியபடி விறுவிறுவென்று ஏறிவிட்டார். அவர் தோளில் ஊதாப் பட்டு அங்கியைப் போர்த்தினார்கள். பொன்னாடை என்று நினைத்து மூன்று பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று தொண்டையைச் செருமினார். கழுத்தில் மடிப்பு வளையத்தை மாட்டியபோது மட்டும், மாலை ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அடுத்தது என் வேலை. தூதுவர் வந்ததும் பணிப்பெண் தட்டைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும், அவர் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். நான் நீட்டினேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க அம்மணி. நீங்களே இப்படி நீட்டலாமுங்களா?"

வீணை மாதிரி ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தவர் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஃபியோனா ஓடிவந்தாள். இங்கே யாராவது எதையாவது சாப்பிட மறுத்தால் உடனே ஒரு காகிதம் எடுப்பார்கள். கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதா, பால் ஒத்துக்கொள்ளாதா, சைவமா, நோன்பா என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். நான் ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்றேன். பின்னே என்னதான் காரணம் என்றாள். சம்மதம் வாங்காமல் அவர் சாப்பிடமாட்டார் என்றேன்.

ஃபியோனா உருகிவிட்டாள். சம்மதம் என்றால் என்ன, அடுத்தவரைத் தொடுவதற்கு முன்னால் ஏன் கேட்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் வருஷாவருஷம் கட்டாய வகுப்பு நடக்கும். வகுப்பே போகாமல் அதை இவ்வளவு தூரம் புரிந்துகொண்ட ஒரு மனிதரை அவள் பார்த்ததில்லை. கட்டாயப்படுத்த வேண்டாம், எதற்கும் பழம் மட்டும் வைத்து ஒரு தட்டு தயார் செய் என்று என்னைக் கூடத்தின் கடைசியில் இருந்த மேசைக்கு அனுப்பிவிட்டாள். போனவள் அங்கிருந்தே பார்த்தேன்.

5

கடைசி மேசையிலிருந்து பார்த்தால் சிம்மாசனம் தெரியும், பேச்சு கேட்காது. உயரமான கூடம், வாத்தியச் சத்தம் வேறு.

கயல் சிம்மாசனத்திலிருந்து கொஞ்சம் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். தமிழிலேயே பேசுங்க மாமா, இவங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னாளாம், பிறகு தெரிந்தது. அவர் ஒரு படி ஏறிப் போய்ப் பேசினார். நிதானமாக, கையைக் கூப்பியபடி, கொஞ்ச நேரம் பேசினார். கயல் அசையாமல் கேட்டாள். பதிலுக்கு ஒரே ஒரு வரிதான் சொன்னாள். பெரிய வரியாகத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார், சிரித்தார், கையை உயர்த்தி அவளை ஆசீர்வாதம் செய்தார். கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் நின்ற ஒரு ஜோடி நிஜமாகவே பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண் என்னிடம், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இவ்வளவு வித்தியாசமாக இருந்திருக்கும் என்று நினைக்கவேயில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அப்புறம்தான் அது நடந்தது. சென்னியப்பன் அண்ணன் மேடையிலிருந்து இறங்கி, சம்சாரத்தைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு, நேராக என் மேசைக்கு வந்தார். அங்கியைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டார். ஒரு பழப் பணியாரத்தை எடுத்து வாயில் போட்டார். அடுத்து மிட்டாய். அடுத்து கேக். அந்த அக்கா தட்டு எடுக்கவே இல்லை, இரண்டு கையாலும் சாப்பிட்டார்.

"நல்லாருக்குதுங்க அம்மணி" என்றார் அண்ணன், வாய் நிறைய.

நானூறு வருஷத்துக்கு அப்பால், தேம்ஸ் ஓரத்தில், கோபியில் கேட்ட அந்த இலை உதறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தட்டைக் கீழே வைத்தேன். பழங்கால உடையில் இருக்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. என் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. தூணுக்குப் பின்னால் போய், தொண்டாமுத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டே வார்த்தை அனுப்பினேன். 'கை நனைச்சாச்சு.'

ஊரில் அப்போது இருட்டிவிட்ட நேரம்.

6

எல்லாம் முடிந்து, அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சென்னியப்பன் அண்ணன் வாசலில் நின்றார். எங்கள் வீட்டுக்காரர் ஒருவழியாகக் காரோடு வந்து சேர்ந்திருந்தார். நான் முகமெல்லாம் பல்லாக ஓடினேன். அடுத்த முகூர்த்தம் எப்போது, நிச்சயம் அங்கேயா இங்கேயா என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. புள்ளைகிட்டயே கேட்டுப்போட்டேனுங்க. அதுக்கு இஷ்டமில்லீங்க. தெளிவாச் சொல்லிருச்சு."

நான் அவர் வாயையே பார்த்தேன். மீசையில் இன்னும் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது. பின்னே ஏனுங்கண்ணா சாப்பிட்டீங்க என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

"சம்பந்தம் பேசற வரைக்கும் தொடக்கூடாதுங்க. அந்தப் பேச்சு இல்லைன்னு ஆனப்பறம் நாங்க விருந்தாளிதானுங்களே. ரெண்டு பேருக்கும் நல்ல பசிங்க."

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம் எனக்கு அந்த நேரத்தில் எரிச்சலாக வந்தது. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க புள்ளை தங்கமான புள்ளை என்றார். ஊருக்குப் போவதற்குள் லீட்ஸில் இருக்கிறவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவனையும் இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை என்று அண்ணன் சொன்னார். இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள்.

நான் உடை மாற்றும் அறைக்குப் போனேன். கோபத்தில் தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். கயல் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முத்துமாலையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் என்ன கேட்டார் என்று கேட்டேன். அப்படியே சொன்னாள்.

"'எல்லாருமே பேசிப் பேசி முடிக்கப் பாக்கறாங்க கண்ணு, உன்னைய ஆராச்சும் கேட்டாங்களா? எம்பையனக் கட்டிக்க உனக்கு இஷ்டமா? இல்லீன்னா இல்லீன்னு சொல்லு, நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்'னு கேட்டாருங்க. 'இல்லீங்க மாமா, வேண்டாமுங்க'ன்னு சொன்னேன். அவ்வளவுதாங்கம்மா."

அத்தனை பேர் முன்னாடி அவரிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்லத் தெரியாதா என்று கத்தினேன். நான் எத்தனை வாட்டி கேட்டேன் என்று கேட்டேன்.

"நீங்க எந்த மாசம் வெச்சுக்கலாம்னு கேட்டீங்க. மண்டபம் கோபியிலயா கோயமுத்தூர்லயான்னு கேட்டீங்க. சேலை என்ன கலருன்னு கேட்டீங்க. வேணுமா வேண்டாமான்னு நீங்க கேக்கவே இல்லீங்கம்மா. கேட்டா நீங்க அழுவீங்கன்னு நானும் சொல்லலே."

அன்று என்னை யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சரி என்றுதான் சொல்லியிருப்பேன், எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் கேட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் அவள் சொன்ன மாதிரியே அழுதுவிட்டேன். அவள் எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த மடிப்பு வளையம் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. அதற்குக் கஞ்சி போட ஃபியோனா எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது என் இடுப்பில் போன் அடித்தது.

7

என் அண்ணன்தான். ஸ்பீக்கரில் போட்டதும் அறை முழுக்கச் சத்தம். நாய்கள் குரைக்கின்றன, தகரம் தட்டுகிறார்கள், எங்கோ ஜீப் ஹாரன்.

கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டே வார்த்தைதான் நான் அனுப்பினேன். அதைப் பார்த்ததும் மனிதர் சொன்ன சொல் தவறாமல், ஜன்னலோரம் இருந்த அத்தனை வேட்டையும் ஒன்றாகக் கொளுத்திவிட்டார். இருட்டிய நேரத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? ஆனை இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் டார்ச்சும் தகரமும் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். வனத்துறை ஜீப்பும் கிளம்பிவிட்டது. அத்தனை பேரும் அண்ணன் வாசலில் மூச்சிரைக்க நிற்கிறார்கள்.

அண்ணனுக்கு ஒரே குஷி. இவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்த்தான் அழைக்க வேண்டும் என்றிருந்தேன், தானாகவே வந்துவிட்டார்கள், இரு அம்மணி, விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அவர் வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த பஸ்ஸில் கோபி வரைக்கும் போய்விடும். அப்புறம் பெண் மாட்டேன் என்றாள் என்று எத்தனை வருஷம் பேசுவார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். நில்லுங்க என்று சொல்ல நினைத்தேன். அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது? இந்தப் பேச்சை ஆரம்பித்ததே நான்.

கயல் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்க. நாந்தானுங்க, கயல். அம்மா தப்பா நெனைச்சுட்டாங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு நானே அவருகிட்டச் சொல்லிட்டேனுங்க."

தகரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் அண்ணனின் கோபம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதற்கு மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காதவர். கயல் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவே வேண்டாமா கண்ணு?" என்றார் அண்ணன். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது.

"வேண்டாமுங்க மாமா."

"செரி."

அவ்வளவுதான் சொன்னார். போனை வைக்க மறந்துவிட்டார் போல. யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஏனுங்க, ஆனை எங்கீங்க, வேட்டு அந்தப் போடு போட்டீங்களே என்று கேட்டார்கள். நானும் கயலும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். அண்ணன் கனைத்துக்கொண்டார்.

"வந்துச்சுங்க. பெரிய ஆனைங்க. இங்க வாசல் வரைக்கும் வந்துபோட்டு, வந்த வழியே போயிருச்சு."

சேதம் ஏதாவது ஆச்சுங்களா என்று இன்னொரு குரல் கேட்டது.

"ஒரு வாழைகூடச் சாயலீங்க" என்றார் என் அண்ணன்.